உள்பக்கம் கைப்பிடி இல்லாத அறை

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அது ஓடித்தான் யாரும் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மூன்று மாடி ஏறி முடித்தபோது காலை மணி பத்து. மேலே ஒரே ஒரு கதவு. 'சோதனைக்கூடம்' என்று எழுதி ஒட்டியிருந்த காகிதம் மஞ்சளாகி, ஓரம் சுருண்டிருந்தது.

வீட்டுச் சாமான்களைச் சோதித்து, எதை வாங்கலாம், எதை வாங்கினால் காசுக்குக் கேடு என்று எழுதும் பத்திரிகை அது. பௌதிகம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாக, மற்றவர்கள் அளந்து தந்த எண்களைத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. முதல் முறையாக ஒரு சாமானை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். இதைச் சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு கும்பிடு போட வேண்டியதுதான் என்று ஆசிரியர் மேடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீதானா முணுமுணு? வா வா," என்றார் உள்ளே இருந்தவர். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோன்னு பயப்படுற பொண்ணு ஒண்ணு வரும்னு மேடம் சொன்னாங்க."

அவள் ஏதோ சொன்னாள்.

"என்னது?"

"வணக்கம்ணே."

"இதுக்கா ரெண்டு தடவ?"

அவரை எல்லோரும் மீட்டர் அண்ணன் என்பார்கள். சத்தம், சூடு, கரண்ட் என எதையும் அளப்பவர். ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் ஹெட்ஃபோன் மாலைபோல் தொங்கியது. அவள் வீட்டிலும் நாலு பேர் பேசினால் அம்மா இவளைப் பார்த்து, 'நீ பேசுறது உன் காதுக்காவது கேக்குதா?' என்றுதான் கேட்பாள். அதனால் கேலி அவளுக்குப் பழக்கம்தான்.

பெட்டியைப் பிரித்தாள். உள்ளே டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக். ரொட்டி வாட்டும் இயந்திரம்போல மேல்பக்கம் இரண்டு வாய்கள். பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அதில் நேராக நிறுத்தி அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வயர் கரண்டுக்கு, ஒரு வயர் வீட்டுக் கணினிக்கு. கணினி செத்தாலும் அதற்குள் இருந்ததையெல்லாம் திரும்பப் படித்துவிடலாம். அவ்வளவுதான் அதன் வேலை.

சோதிப்பதற்கென்று அலமாரியில் மூன்று பழைய டிஸ்க்குகள் இருந்தன. எண் போட்டிருந்தார்கள். மூன்றாவதின்மேல் மட்டும் ஒரு பிளாஸ்திரித் துண்டு. அதில் பேனாவால் ஒரே சொல்: தட்டும்.

"இது கெட்டுப்போனதாண்ணே?"

மீட்டர் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "அத விட்டுடு. ஒண்ணும் ரெண்டும் போதும்."

"மூணு டிஸ்க்ல பாத்தாத்தான் கணக்குன்னு மேடம்..."

"சரி. உன் இஷ்டம்."

குறிப்பெழுதப் பேனா கேட்டாள். இழுப்பறையில் இருக்கிறது என்றார். பேனாக்களுக்கும் பேட்டரிகளுக்கும் நடுவே நீல நிறத்தில் ஓர் இன்ஹேலர் கிடந்தது. மூடியில் தூசி.

"உங்களுக்கு இளைப்பு உண்டாண்ணே?"

"இல்ல." அவர் எழுந்து வந்து இழுப்பறையைத் தள்ளி மூடினார்.

மதியத்துக்குள் அவள் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டாள். பெரிய கோப்பைப் படியெடுக்க எத்தனை நிமிடம், ஒரு மணி நேரம் ஓடினால் அடிப்பக்கம் எவ்வளவு சூடு, டிஸ்க்கை வெளியே தள்ளும் பொத்தான் விரலுக்கு இதமா, ஒரு கையால் எடுக்க முடிகிறதா, எல்லாம் வரிசையாகத் தாளில் ஏறின. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர.

மூன்றாம் எண் டிஸ்க் தட்டவில்லை.

கெட்டுப்போன டிஸ்க்குக்குள் படிக்கும் கரம் தன் இடம் தெரியாமல் போய்ப் போய் முட்டும். அந்த டக் டக் சத்தம் ஒரு முறை வந்துவிட்டால் அந்த டிஸ்க் மறுபடி தேறாது. திரிந்த பால் திரும்பப் பாலாகுமா? இதுவோ ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. கணினி அதற்கு முழு ஆரோக்கியச் சான்றே கொடுத்தது.

"அண்ணே, இது நல்லாத்தான இருக்கு. யாரு தட்டும்னு எழுதினது?"

"நான்தான்," என்றார் அவர்.

மேடத்தின் தொலைபேசி அப்போதுதான் வந்தது. இந்த முறை சத்தமும் அளந்தாக வேண்டுமாம். படுக்கையறையில் கணினி வைத்திருக்கும் வாசகர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். மீட்டர் அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "அந்த ரூம் ரெண்டு வருஷமா பூட்டியே கெடக்குங்க," என்றார். மறுமுனை சொன்னதைக் கேட்டுவிட்டு, சரி என்று வைத்தார். சாவியைத் தேட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

கூடத்தின் கோடியில் அந்த அறை. ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த இடம். நாலு சுவரிலும் மேற்கூரையிலும் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். கனத்த மரக்கதவு, விளிம்பு முழுக்க ரப்பர். கதவைத் திறந்ததும் பழைய பசையின் வாடையும், அதற்கடியில் ஏதோ மருந்தின் இனிப்பு வாடையும் வந்தன. நடுவில் சின்ன மேசை, அதன்மேல் மைக். வயர்கள் சுவரிலிருந்த துளை வழியே வெளியே, சத்தத்தை எண்ணாகக் காட்டும் மீட்டருக்கும் கணினிக்கும் போயின. அவள் டாக்கையும் டிஸ்க்குகளையும் ஒரு பேட்டரி விளக்கையும் மேசைமேல் வைத்து, வயர்களை மாட்டினாள்.

கதவின் உள்பக்கம் கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும்.

"எங்கண்ணே கைப்பிடி?"

"டிஸ்க் ஓடுற அதிர்வுல அதுவும் சேந்து கிர்ருனு அதிரும். அளவு தப்பாப் போவுதுன்னு நான்தான் கழட்டினேன்." அவர் மைக்கைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். "போன், கைக்கடிகாரம் எல்லாத்தையும் வெளிய வெச்சிடு. மைக்குல இரையும். அஞ்சு அஞ்சு நிமிஷம் ஒவ்வொரு டிஸ்க்கா போடு. முடிஞ்சதும் இந்தச் செவப்பு பட்டன அழுத்து. என் மேசையில லைட் எரியும், வந்து தொறக்குறேன்."

"சரிண்ணே."

"பட்டனத்தான் அழுத்தணும். கதவைத் தட்டாத."

"ஏன்?"

"என்ன ஆனாலும் தட்டாத மா."

கதவு மூடியது. ரப்பர் அமுங்கும் சத்தம் கேட்டது. அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

அப்படியொரு அமைதியை அவள் அறிந்ததில்லை. பேட்டரி விளக்கின் வெளிச்சத்தில் ஸ்பாஞ்சுச் சுவர்கள் கிட்டத்தில் நின்றன. தன் எச்சிலை விழுங்கும் சத்தம்கூட வாயிலிருந்து வெளியேறியதும் செத்துவிழுந்தது. மனதுக்குள் முந்நூறு எண்ணினாள். முதல் டிஸ்க் மெல்லிய முனகலோடு ஓடி முடிந்தது. இரண்டாவது கொஞ்சம் இரைச்சல். மூன்றாவதைச் செருகினாள்.

நூற்று நாற்பது எண்ணும்போது அது தட்டியது.

டக். டக். டக்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, அண்ணன் எழுதியது சரிதான். சூடேறினால்தான் தட்டும் போலிருக்கிறது. பொத்தானை அழுத்தி டிஸ்க்கை வெளியே எடுத்தாள். உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருந்ததால் அது கையில் பம்பரம்போல் நெளிந்தது. மெல்லமெல்ல அடங்கி, வெறும் இரும்பாயிற்று.

டக். டக். டக்.

அவள் டாக்கின் பின்பக்க விசையை அணைத்தாள்.

டக். டக். டக்.

சத்தம் மேசையிலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கதவிலிருந்து வந்தது.

வெளியே இருந்து அண்ணன் தட்டுகிறாரோ? அவர்தானே தட்டாதே என்றார். எழுந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். பொத்தான் சுவருக்குள் பொசுக்கென்று உள்வாங்கி, திரும்பி வரவே இல்லை. இரண்டு வருடம் தொடாமல் கிடந்த வயர்.

"அண்ணே."

அவளுக்கே கேட்கவில்லை. தொண்டை புடைக்கக் கத்திப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. ஸ்பாஞ்சு அதைத் தண்ணீர்போல் குடித்துவிட்டது. மைக் இருக்கிறதே, ஹெட்ஃபோனில் கேட்குமே என்று மைக்குக்குள்ளேயே கத்தினாள்.

கதவு திறக்கவில்லை.

வேறு வழி தெரியாமல் தட்டினாள். மூன்று முறை, கைமுட்டியால், கைப்பிடித் துளைக்குப் பக்கத்தில்.

கையை எடுத்தாள்.

தட்டுவது நிற்கவில்லை.

அவள் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, உள்பக்கத்திலிருந்தே, மரம் அதிர்ந்தது. டக், டக், டக். அவள் உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். ஒவ்வொரு தட்டும் எலும்புக்குள் ஏறியது. அடுத்த மூன்றும் இடுப்பு உயரத்திலிருந்து வந்தன. அதற்கடுத்தவை முழங்கால் உயரத்தில்.

தட்டுகிறவர் கதவோடு கதவாகச் சரிந்துகொண்டிருந்தார்.

பேட்டரி விளக்கு மங்கியது. மங்கலில் அவள் கண்டது இதுதான். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஸ்பாஞ்சு உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு தோளின் அளவுக்கு. யாரும் சாய்ந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழி கீழே கீழே நகர்ந்தது. அது விட்டுப்போன இடத்தில் ஸ்பாஞ்சு சோம்பலாக மேலே எழும்பியது.

விளக்கு அணைந்தது.

இருட்டில், தரையை ஒட்டி, மூச்சு. உள்ளே இழுக்க முடியாத, விசில்போல் மெலிந்த மூச்சு. மருந்தின் இனிப்பு வாடை இப்போது அவள் முகத்துக்கு அருகிலேயே இருந்தது.

அவள் மேசைவரை தவழ்ந்து போனாள். அழவில்லை. அழுதால் மூச்சு செலவாகும் என்றொரு எண்ணம். அந்த எண்ணம் தன்னுடையதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கத்தினால் கேட்காது. தட்டினால் வரமாட்டார். வேறு என்ன இந்த அறையைவிட்டு வெளியே போகிறது?

வயர்.

டாக்கின் விசையைத் தடவிப் போட்டாள். நீல விளக்கு எரிந்தது. மூன்றாம் டிஸ்க்கைச் செருகினாள். வெளியே கணினித் திரையில் அது இப்போது முளைத்திருக்கும், 'டிங்' என்று மணியடித்திருக்கும். பத்து எண்ணிவிட்டுப் பிடுங்கினாள். இன்னொரு சத்தத்தோடு அது மறைந்திருக்கும். செருகினாள். பிடுங்கினாள். படியெடுக்கும்போது இப்படிச் செய்தால் டிஸ்க் நாசமாகும் என்று காலையில்தான் தாளில் எழுதியிருந்தாள். நாசமாகட்டும். செருகினாள். பிடுங்கினாள். காலடியில் ஏதோ ஒன்று அவள் பாவாடை ஓரத்தைப் பற்றியது. இழுக்கவில்லை. பற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். செருகினாள்.

கதவு திறந்தது.

வெளிச்சத்தில் மீட்டர் அண்ணனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஹெட்ஃபோன் தரையில் கிடந்தது. அவள் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏன் தொறக்கல?"

"நீன்னு தெரியல மா."

"வேற யாரு?"

அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு தரையில் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. வாயாடின்னுதான் கூப்பிடுவோம். பேச ஆரம்பிச்சா வானொலி தோத்துடும். அவளுக்கு இளைப்பு உண்டு. அன்னிக்கு மருந்த வெளிய இந்த மேசையில வெச்சிட்டுப் போனா, எதையும் உள்ள கொண்டு போவக் கூடாதுன்னு நான் சொன்னதால. அப்பல்லாம் பட்டன் கெடையாது. முடிஞ்சதும் மூணு தட்டு தட்டணும், அதான் பழக்கம். நான் ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன். மூணாம் நம்பர் ஓடிட்டிருந்துச்சு. பாதியில டக் டக்னு சத்தம் வந்துச்சு. டிஸ்க் போச்சுன்னு நெனச்சேன்."

"அவங்க கத்தலையா?"

"இளைப்பு வந்தவ எப்படிக் கத்துவா?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தன நேரம் தட்டுதுன்னு எழுதிக்கூட வெச்சேன் மா. பதினோரு நிமிஷம். அப்புறம் நின்னுடுச்சு. சத்தம் நின்னது அளவுக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லல. இளைப்புல போயிட்டான்னு எழுதிக்கிட்டாங்க. நான் அந்தப் பட்டன வெச்சு ரூமப் பூட்டினேன். அப்புறம் மைக்க எடுக்கக்கூட உள்ள போவ மனசு வரல. அதுலருந்து எப்ப ஹெட்ஃபோன் போட்டாலும் தட்டும். முதல்ல ஓடி ஓடிப் போய்ப் பூட்டத் தொறந்து எட்டிப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. அப்புறம் தொறக்குறதில்ல. கழட்டி வெச்சிடுவேன். இன்னிக்கும் அப்படித்தான் கழட்டினேன். அப்புறம் பாத்தா திரையில டிஸ்க் வருது, போவுது. வருது, போவுது. அவளுக்கு அது தோணல பாவம். அதுலதான் இது நீன்னு..."

தனக்கு ஆத்திரம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பாவாடை ஓரத்தைப் பார்த்தாள். துணி ஒரு கைப்பிடி அளவுக்குக் கசங்கியிருந்தது.

"கைப்பிடி எங்க?" என்றாள்.

"என்னது?"

"கழட்டின கைப்பிடி." இந்த முறை உரக்கத்தான் கேட்டாள்.

அது அலமாரியின் அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை அவளே எடுத்தாள். கதவைத் திறந்து வைத்து, அது மூடாதபடி நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். மைக்கையும் மூன்றாம் டிஸ்க்கையும் எடுத்துவந்து வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேணாம் மா," என்று மெதுவாகச் சொன்னார் மீட்டர் அண்ணன்.

"ஏன்?"

"உள்ள கைப்பிடி வெச்சா..."

"அவங்க கேட்டது அது ஒண்ணுதானண்ணே."

துளையில் இரும்புத் தண்டைச் செருகி, உள்பக்கம் கைப்பிடியை மாட்டி, நாலு திருகையும் இறுக்கினாள். இப்போது உள்ளே திருப்பினால் வெளிக்கைப்பிடியும் சேர்ந்து திரும்பும். திரும்பி வந்து தாளில் எழுதினாள்: மூன்றாம் டிஸ்க் தட்டவில்லை. டிஸ்க்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துக் கசக்கிப் போட்டாள். பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு, பொருந்துகிறதா என்று பார்க்கக் கதவை மூடினாள்.

இரண்டு பேரும் வெளியேதான் நின்றார்கள். மீட்டர் அண்ணன் மின்விசிறியை அணைத்தார். மூன்றாவது மாடியின் மதிய வெயில் சன்னலில் அசையாமல் கிடந்தது.

டக். டக். டக்.

ஹெட்ஃபோன் இல்லாமலே கேட்டது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைப்பிடி பாதி திரும்பியது. நின்றது. இப்படி ஒன்று இருக்கிறது என்பதையே நம்பாதவர் தொட்டுப் பார்ப்பதுபோல். மறுபடி, முழுதாகத் திரும்பியது.

ரப்பர் விலகும் சத்தம். கதவு ஒரு கை அகலம் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

அவர்களைத் தாண்டிக் குளிர்ச்சியாக எதுவும் போகவில்லை. தரையில் காலடி கேட்கவில்லை. பின்னால் இழுப்பறை திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது, பேனாக்கள் உருண்டன.

ஷ்ஷ். மருந்தின் இனிப்பு வாடை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே மேசையில் மீட்டரின் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. முப்பத்து நான்கு. நாற்பத்தொன்று. முப்பத்து நான்கு. நாற்பத்தொன்று. சீராக, அவசரமில்லாமல், வெகுநாள் கழித்து நிறைய மூச்சு கிடைத்தவர் இழுத்து இழுத்து விடுவதுபோல.

இவர்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.